எத்தனை மைக்ரான் போனது என்று கேளுங்கள்

1990 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரில் டாக்டர் ஐரா கோர் ஒரு கறுப்பு பி.எம்.டபிள்யூ கார் வாங்கினார். விலை 40,750 டாலர் 88 சென்ட். ஒன்பது மாதம் ஓட்டியும் வண்டியில் எந்தக் குறையும் அவர் கண்ணில் படவில்லை. இன்னும் கொஞ்சம் மின்னட்டுமே என்று ஒரு பாலிஷ் கடையில் விட்டார். இது மறுபடி பெயின்ட் அடித்த வண்டி என்று அந்தக் கடைக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டு மேல்பூச்சு கெட்டிருக்க வேண்டும். நிறுவனம் கூரை, பானெட், டிக்கிப் பக்கங்களுக்கு மறுபடி பெயின்ட் அடித்து, புது வண்டி என்றே விற்றிருக்கிறது. பழுதுபார்த்த செலவு 601 டாலர் 37 சென்ட். சில்லறை விலையில் 3 சதவீதத்துக்குள் அடங்கும் பழுதை டீலருக்குக்கூடச் சொல்லத் தேவையில்லை என்பது அந்த நிறுவனம் வைத்திருந்த விதி. ஜூரி 4,000 டாலர் நஷ்டஈடும் 40 லட்சம் டாலர் தண்டமும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தைப் பாதியாக்கியது. 1996 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதுவும் அளவுக்கு மீறியது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கடைசியில் தண்டம் 50,000 டாலரில் வந்து நின்றது.

தண்டத்துக்கு எல்லை எது என்பதற்காகச் சட்ட மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். கறுப்பு, கருநீலம், அடர்பழுப்பு என்று கருநிற கார் வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் வேறொரு காரணத்துக்காக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயின்டுக்கு நேர்ந்தது தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. காசு கொடுத்தவருக்கோ தெரிந்துகொள்ள வழியில்லை. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ரப்பிங் பாலிஷ் என்ற பெயரில் அன்றாடம் நடப்பதும் இதுதான். வண்டியின் மேல்தோலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பித் தருகிறார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

தோலின் கணக்கு

தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத க்ளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். நாம் துடைப்பதும் தேய்ப்பதும் கடைசி அடுக்கான க்ளியர் கோட்டை மட்டும்தான். அது 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தைத் தின்றுவிடாமல் காப்பதும் அந்த அடுக்கே.

இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் நிற்கும்போது, அல்லது செல்போன் டார்ச்சைப் பானெட்டுக்கு நேரே பிடிக்கும்போது, வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிகின்றன அல்லவா, அவைதான் சுழல் கீறல்கள். உண்மையில் அவை வட்டமானவை அல்ல. நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் நேராகவே ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். வெள்ளை காரிலும் இதே அளவு கீறல்கள் உண்டு. கருநிறத்தின் மேல் சிதறும் வெளிச்சம் எடுப்பாகத் தெரிவதால் கறுப்பு கார்க்காரருக்கு மட்டும் மனசு பொறுப்பதில்லை.

கீறலை நீக்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள மேட்டைக் கீறலின் அடிவரைக்கும் தேய்த்து இறக்க வேண்டும். வேறு வழி கிடையாது. மெல்லிய பாலிஷ் ஒரு முறை போட்டால் தோராயமாக 1 முதல் 3 மைக்ரான் போகும். முரட்டுக் காம்பவுண்டை மெஷினில் ஓட்டினால் 5 மைக்ரானோ கூடவோ போகும். உப்புத்தாள் பிடித்தால் இன்னும் அதிகம். வண்டியின் மொத்த ஆயுளிலும் க்ளியர் கோட்டில் 8 மைக்ரானுக்கு மேல் எடுத்தால் அதன் காவல் தளரத் தொடங்கும் என்பது பெயின்ட் துறையில் பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு ஒரு ரப்பிங் என்று பேக்கேஜ் போட்டுத் தருகிறார்களே, தடவைக்கு 3 மைக்ரான் என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து வருடத்தில் 30 மைக்ரான் போயிருக்கும். பழைய வண்டிகளின் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்கு வந்தபின் எந்தப் பாலிஷும் பலிக்காது. மறுபடி பெயின்ட்தான்.

ரப்பிங் என்ற பழக்கத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அம்பாசிடர், பத்மினி காலத்துப் பெயின்டில் க்ளியர் கோட் தனியாகக் கிடையாது. நிறமே மேல் அடுக்கு. வெயிலில் மங்கும், அந்த மங்கலைத் தேய்த்து எடுத்தால் உள்ளிருந்து புது நிறம் வரும். துணியில் கலர் ஏறினால் நன்றாகத் தேய்த்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் கைப்பழக்கம் தொழிலில் அப்படியே தங்கிவிட்டது. இன்றைய காரில் துணியில் கலர் ஏறினால், க்ளியர் கோட் முழுதும் போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தில் உடனே கையை எடுக்க வேண்டும். விதிவிலக்காகச் சில பழைய வண்டிகளில் க்ளியர் கோட் இல்லாத பெயின்டே இருக்கலாம். மறைவான ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் பாலிஷ் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கீறல் எங்கிருந்து வருகிறது

நம் ஊரில் பெரும்பாலான கீறல்களைப் போடுவது சாலையல்ல, துணி. விடிகாலையில் ஒரு வாளி, ஒரு துணி, வரிசையாகப் பல வண்டிகள். முதல் வண்டியின் மண் இரண்டாவது வண்டிக்கும், இரண்டாவதன் மண் மூன்றாவதுக்கும் போகிறது. அதற்கு முன்னால் தூசி தட்டுகிறேன் என்று காய்ந்த துணியால் ஓர் இழுப்பு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவையில் 7. க்ளியர் கோட் அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் லஸ், கச்சேரி சாலை, பனகல் பார்க் பக்கத்துத் தூசியில் கான்கிரீட் துகளும் கலந்திருக்கிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடல் மணலும் உப்புக் காற்றும். இந்தத் தூசியின் மேல் காய்ந்த துணி படுவதும் உப்புத்தாள் படுவதும் ஒன்றே.

வண்டி துடைப்பவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை என்றே நினைக்கிறேன். நாம் கொடுக்கிற மாதப் பணத்தில் அவர் மைக்ரோஃபைபர் துணி வாங்க முடியாது. பனியன் வேஸ்ட்டோ பழைய வேட்டியோதான் அவருக்குக் கிடைப்பது. உங்கள் வண்டிக்கென்று இரண்டு வாளியும் நான்கு மைக்ரோஃபைபர் துணியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். "அண்ணே, தண்ணி ஊத்தாம துணி வைக்காதீங்க, தினமும் துடைக்கவும் வேணாம், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்" என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பாலிஷையும்விட இது அதிகப் பலன் தரும்.

தண்ணீருக்கும் ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில், பானெட்டில் வெயில் பட்டுக் காய்ந்த ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாக நிற்கும். விட்டுவிட்டால் க்ளியர் கோட்டுக்குள் இறங்கிவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்தும் நல்ல மனம் பலருக்கு இருக்கிறது. ஆனால் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்தத் தண்ணீரில்தான். கருநிற காருக்கு அது ஆகவே ஆகாது, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது அது. தாது உப்பு கிட்டத்தட்ட இருக்காது. கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் சென்னையில் இலவசமாகக் கிடைக்காது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஆயுத பூஜையையும் சொல்ல வேண்டும். பானெட்டில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மறுநாள் அது காய்ந்து இறுகியிருக்கும், நகத்தாலோ காய்ந்த துணியாலோ சுரண்டி எடுக்கிறோம். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் கறையும் நிற்கும். பொட்டை முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கலாம், பூஜைக்கு ஒரு குறையும் வராது. பானெட்டில் வைத்தே தீர வேண்டும் என்றால், எடுக்கும்போது ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்து எடுங்கள். காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர் போன்ற மரத்தடித் தெருக்களில் காக்கை எச்சத்துக்கும் இதே வைத்தியம்; வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கூரை கசிந்து சொட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் எச்சத்தைவிடக் கொடியது. அதை வண்டிக்காரர் தனியாகச் சமாளிக்க முடியாது. குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்துக் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்வதானால்

செய்யலாம். மெல்லிய கீறல்களைக் குறைக்க வீட்டிலேயே முடியும். நகத்தை மெதுவாக ஓட்டும்போது தட்டுப்படுகிற கீறல் மட்டும் பாலிஷுக்கு அடங்காத ஆழம், அதை விட்டுவிடுங்கள்.

காலை ஆறு மணிக்கு, நிழலில், பானெட் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் நனைக்க வேண்டும். கூரையிலிருந்து கீழே வாருங்கள். தரையில் விழுந்த துணியை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். கழுவிய பிறகும் கை வைத்தால் சொரசொரவென்று இருந்தால் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியான க்ளே பாரை ஷாம்பூ தண்ணீரில் நனைத்து அழுத்தாமல் ஓட்டுங்கள். இத்தனையும் முடிந்த பிறகே பாலிஷ். மண் இருக்கும்போது பாலிஷ் போட்டால், கீறலை எடுக்கிற கையே கீறல் போடும்.

ஓரங்களையும் மடிப்புகளையும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஓரங்களில் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கேதான் முதலில் கிழியும். பிறகு இரண்டடிக்கு இரண்டடி இடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே மெல்லிய பாலிஷ், மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேட், நான்கு சொட்டு. கையால் தேய்த்தால் பானெட் ஒன்றுக்கே ஒரு காலைப்பொழுது ஆகும், கீறலும் குறையுமே தவிர முழுக்கப் போகாது. மெஷின் வாங்குவதானால் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) வகை வாங்குங்கள். அதன் தட்டு சுழன்றுகொண்டே இடமும் மாறுவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினும், டிரில்லில் மாட்டும் பஃபும் பழக்கமில்லாத கையில் சில நொடியில் பெயின்டைச் சுட்டுவிடும். தப்பினாலும், வெயிலில் அலையலையாகத் தெரியும் புதுக் கீறல்களை விட்டுச் செல்லும்.

அந்த இரண்டடியை முடித்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பல பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் இருக்கும். அவை கீறலை நிரப்பி மறைக்கும், நாலு முறை கழுவினால் கீறல் திரும்ப வரும். ஆல்கஹால் அந்த மறைப்பைத் துடைத்துவிடுவதால் உண்மை நிலை தெரியும். திருப்தியாக இருந்தால் அதே முறையில் மற்ற இடங்கள். கொஞ்சம் கீறல் மிஞ்சினால் மிஞ்சட்டும். நூற்றுக்கு எழுபது போனால் போதும் என்று நிறுத்துகிறவர் வண்டியில்தான் பத்து வருடம் கழித்தும் க்ளியர் கோட் இருக்கும். கடைசியில் வேக்ஸோ சீலன்ட்டோ பூசுங்கள். அது கீறலை எடுக்காது, அடுத்த தூசி ஒட்டாமல் வழுக்கிப் போக உதவும்.

டூத்பேஸ்ட், பாத்திரம் தேய்க்கும் நார், எமரி பேப்பர், டீசல், மண்ணெண்ணெய், இவற்றில் எதுவும் வண்டியைத் தொடக் கூடாது. டீசல் துடைத்த மினுமினுப்பு ஒரு நாள். அதில் ஒட்டும் தூசி ஒரு வாரம்.

ஆபத்து வண்டிக்கு மட்டுமல்ல. ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து மெஷின் ஓட்டாதீர்கள், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் கரன்ட் எடுங்கள். ஆல்கஹால் பக்கத்தில் தீ கூடாது. கையுறையும் முகக்கவசமும் வேண்டும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே க்ளியர் கோட் ஸ்பிரேயில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டு வாசலில் அதை அடிக்கவே வேண்டாம். லேபிள் இல்லாத கேனில் வீல் க்ளீனர், கறை நீக்கி என்று விற்கும் அமிலங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கக்கூடும். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்து வலி தொடங்கும், அதற்குள் தசைக்குள் இறங்கியிருக்கும். பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, வலி வரக் காத்திராமல் கேனையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடாத பாட்டிலை வாங்காதீர்கள். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை அச்சில் இருந்தாக வேண்டும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழி கார் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. பாலிஷும் சோப்பும் கலந்த தண்ணீர் அதில் இறங்கினால், அது நாளை நம் போர்வெல்லில்தான் ஏறி வரும்.

கடையில் கொடுப்பதானால்

பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு, கைக்கு அடக்கமானது. நல்ல கடையில் கட்டாயம் இருக்கும். வண்டியை விடும்போது ஒவ்வொரு பாகத்திலும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 100 முதல் 150 வரை வந்தால் பெரும்பாலும் கம்பெனிப் பெயின்ட். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கலாம். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்க வாய்ப்பு அதிகம். 90-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்தில் யாரையும் ரப்பிங் போட விடாதீர்கள். இந்த மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும். க்ளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரிலும் வேலை செய்யாது. அதனால்தான் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அளந்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகள் ஜாப் கார்டில் ஏற வேண்டும். எந்த மெஷின், எந்தக் காம்பவுண்ட், எந்தெந்தப் பாகம் என்பதும் ஏற வேண்டும். "எங்க கிட்ட மீட்டர் இல்ல சார், கண்ணாலயே பாத்துருவோம்" என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றி மட்டுமல்லாமல் சேவையின் தரம், அளவு, விலை பற்றியும் அறியும் உரிமையை நமக்குத் தருகிறது. பிரிவு 2(9) அதைச் சொல்கிறது. எத்தனை மைக்ரான் எடுத்தீர்கள் என்ற கேள்வி சேவையின் தரத்தைப் பற்றியது. இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

செராமிக் கோட்டிங் விளம்பரங்களில் '9எச்', '10எச்' என்று போட்டிருப்பார்கள். அது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அந்த அளவை 9எச் பென்சிலோடு முடிந்துவிடுகிறது. 10எச் என்று ஒன்று அதில் இல்லை. 9எச் பென்சில் தாங்கும் பூச்சு குவார்ட்ஸ் மணலைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கோட்டிங் போடும் முன் கீறலை எடுப்பதற்காக ரப்பிங் போடுவார்கள், ஆகவே அளவுகளை அங்கேயும் கேட்க வேண்டும். பொய்யான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம்.

புது வண்டி எடுப்பவர்கள் நல்ல நேரம் பார்த்து, மாலையும் ரிப்பனுமாகச் சாவி வாங்குகிறார்கள். அதற்கு முந்தைய நாள் பகல் வெளிச்சத்தில் போய் வண்டியைச் சுற்றிப் பாருங்கள். கழுவவும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம், வந்தபடியே காட்டுங்கள் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதுங்கள். இந்த வண்டிக்கு எங்காவது பெயின்ட் வேலை செய்யப்பட்டதா என்ற கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். டாக்டர் கோருக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வரிப் பதில்தான். கோட்டிங் எடுத்தால்தான் டெலிவரி என்று டீலர் நிர்பந்தித்தால் அது அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(41) சொல்லும் கட்டுப்பாட்டு வணிக முறை, புகார் கொடுக்கலாம். அனுப்பும் கடிதத்தை டீலருக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். டீலர் செய்த தவறு நிறுவனத்துக்குத் தெரியாதபோது நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரியப்படுத்தியதற்கு உங்கள் கையில் சான்று இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் சுழல் கீறலுக்கு வராது, அது தேய்மானம். யாரோ வேண்டுமென்றே சாவியால் கீறியதற்கு வரும். பெயின்ட் செலவில் பொருளுக்கான பங்கில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். பில்லில் பொருளும் கூலியும் பிரித்துக் காட்டாவிட்டால் மொத்தத்தில் கால்பங்கைப் பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள். 20,000 ரூபாய் பில் என்றால் பொருள் 5,000, கழிவு 2,500. நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகையும், அடுத்த வருடம் இழக்கும் நோ கிளெய்ம் போனஸும் சேர்ந்தால் சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடுவது பல நேரம் நஷ்டம்தான்.

கெட்டுப்போனால்

'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்ற போர்டைப் பார்த்துப் பலர் வாயடைத்துப் போகிறார்கள். வேண்டாம். வண்டியை ஒப்படைத்த நிமிடத்திலிருந்து அதைத் தன் பொருள் போலப் பார்த்துக்கொள்ளும் கடமை கடைக்காரருக்கு வந்துவிடுகிறது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 151 அது. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-ல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் திருடுபோன வழக்கில், உரிமையாளர் பொறுப்பு என்று சீட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது, தன் தரப்பில் அலட்சியம் இல்லை என்று ஹோட்டல் முதலில் காட்ட வேண்டும் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலிஷ் கடைப் போர்டு விஷயத்திலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

வண்டியை விடும் முன் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், ஜாப் கார்டு, பில், வாங்கும்போது அதே கோணத்தில் எடுத்த படங்கள். இவைதான் சாட்சி. பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-ன்படி நியாயமற்ற வணிக முறை. சேதம் தெரிந்தவுடன் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து 15 நாள் அவகாசம் தாருங்கள். வேறொரு பெயின்ட் ஷாப்பிலோ சர்வேயரிடமோ மீட்டர் அளவோடு லெட்டர்ஹெட்டில் ஒரு குறிப்பு வாங்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். சென்னையில் 1985 முதல் இயங்கும் 'சி.ஏ.ஜி.' (CAG) போன்ற நுகர்வோர் அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம். பிழைப்புக்காகச் சொந்த வண்டி ஓட்டும் கால் டாக்ஸி டிரைவருக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. வணிக நோக்கம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது, பொறுமை வேண்டும்.

சேதம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் பதிவாக வேண்டும். "அடுத்த மாசம் கொண்டாங்க சார், ஃப்ரீயா இன்னொரு கோட் போட்டுத் தர்றோம்" என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த இரண்டு வருடத்தில்தான் கழியும். அந்த இலவசக் கோட்டுக்குச் சம்மதிக்கும் முன், ஓரத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம் என்று பானெட்டில் மீட்டரை வைத்து இன்னும் எத்தனை மைக்ரான் மிச்சம் என்று பாருங்கள்.